இருபத்தைந்து பெயர்

கரம்பொன்
12.02.1998

கர்த்தருக்குள் அன்பான தம்பி கிறிஸ்தோப்பருக்கு அக்கா எழுதிக்கொள்வது. நான் சுகம். பிறஷர் இருக்கிறது, ஆனால் அது இத்தனை வருசமாக என்னோடு குடியிருக்கிற ஆள். உன்னுடையதும் மச்சாளுடையதும் பிள்ளைகளுடையதும் சுகத்தை அறிய ஆவல்.

உங்கள் அலுவலகத்துச் சுற்றுநிருபம் வந்து சேர்ந்தது. மறைமாவட்டத்தின் எல்லைகளை மறுபடியும் வகுக்கப் போகிறீர்களாம். நற்கருணைக்காரர் இருபத்தைந்து பேர் இல்லாத சபை இனித் தனிச் சபை இல்லையாம். அதை யாழ்ப்பாணப் பட்டினத்துச் சபையோடு சேர்த்து, கோயிலைப் பூட்டி, பதிவேடுகளையும் எடுத்துக்கொள்வார்களாம். இந்த நிருபத்தை எழுதினவருக்குத் தீவுப்பகுதி எங்கே கிடக்கிறதென்று தெரியுமா? இங்கிருந்து பட்டினம் போய் ஒரு துண்டு அப்பம் வாங்கி வர, படைமுகாமில் பாஸ் எடுத்து, மூன்று இடத்தில் சோதனைக்குப் பஸ்ஸால் இறங்கி ஏறவேண்டும். எங்களில் பாதிப்பேருக்குப் படியேறவே ஏலாது.

எங்களிடம் இன்னும் அந்தப் பழைய வழக்கம் இருக்கிறது. நாளைக்கு நற்கருணை வாங்கப்போகிறவர் முதல்நாள் சனிக்கிழமை வந்து பெயர் கொடுக்கவேண்டும். செபப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. வேறெங்கும் ஒருவரும் அதைச் சட்டை செய்வதில்லை. உன் அத்தான் லியோன் உபதேசியாராக இருந்தவரைக்கும் அவர் எழுதினார். அவர் கண்ணை மூடிய பிறகு நான் எழுதுகிறேன். அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் சொல்கிறேன், எங்கள் பரிசுத்த மத்தியா கோயிலுக்குச் சரியாக இருபத்தைந்து பேர்.

அதில் ஒருவன் என் நேசன். தொண்ணூற்றைந்து இடம்பெயர்வில் வன்னிக்குப் போனவன் இன்னும் வரவில்லை. போன ஐப்பசியில் செஞ்சிலுவைத் துண்டு ஒன்று வந்தது. "அம்மா, காய்ச்சல் கிடந்தனான். இப்ப பரவாயில்லை" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சண்டை ஓய்ந்து பாதை திறந்தால் வருவான். ஒவ்வொரு மாதமும் அவனுடைய பெயரையும் நானே கொடுத்து நானே எழுதுகிறேன். இடம் பிடித்து வைப்பது பாவமா?

பதிவேடெல்லாம் உன் மேசைக்குத்தானே வருகிறது. எங்கள் கோயிலைப் பார்த்துக்கொள்.

மன்றாட்டில் உங்களை மறவாத
அக்கா ஜசிந்தா


கொழும்பு
08.03.1998

அன்பின் அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஆண்டவரைத் தோத்திரிக்கிறோம்.

யோசிக்காதீர்கள். எல்லைக் குழுவுக்குச் செயலாளர் நான்தான். பேராயர் கையெழுத்து வைப்பார், குழுவிலே பெரியவர்கள் பேசுவார்கள், ஆனால் எந்தச் சபை எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று திரும்பி என்னைத்தான் கேட்பார்கள். போன கிழமை சுவரிலே மறைமாவட்டப் படத்தை விரித்துவைத்துப் பச்சைப் பென்சிலால் கோடு போட்டேன். கரம்பொன்னைச் சுற்றித் தனியாக ஒரு வட்டம் போட்டிருக்கிறேன்.

நேசனின் பெயர் இருக்கட்டும். இடம்பெயர்ந்தவர் உயிரோடு இருந்தால் அவர் தாய்ச்சபையின் கணக்கிலேயே எண்ணப்படவேண்டும் என்று விதியில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி நான் சேர்த்தது. அவனை நினைத்துத்தான் சேர்த்தேன். வருசமுடிவில்தான் பட்டியல் மூடுவார்கள். அதற்கிடையில் ஆவணி (ஓகஸ்ட்) முதற் கிழமை பேராயர் யாழ்ப்பாணம் வந்து திடப்படுத்தல் கொடுக்கிறார். ஆள் குறைந்தால் ஒருவரைத் திடப்படுத்திப் புது நற்கருணைக்காரராக அப்போது சேர்க்கலாம். உங்களுக்கு அது தேவைப்படாது. நான் இருக்குமட்டும் அந்தக் கோயிலை ஒருவரும் பூட்டமாட்டார்கள்.

பிறஷர்க் குளிசையை நேரத்துக்குப் போடுங்கள்.

என்றும் உங்கள் தம்பி
கிறிஸ்தோப்பர்


கரம்பொன்
30.06.1998

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு, நான் சுகம். நீ சுகமா என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டாயிற்று. சித்திரையில் ஒன்று, வைகாசியில் ஒன்று. கடிதக் கப்பல் மூழ்கினதா, நீ மூழ்கினாயா? எழுதக் கை வராவிட்டால் மச்சாளிடம் சொல்லி இரண்டு வரி எழுதுவி.

உன் பங்குனிக் கடிதத்தைக் கோயிலில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். பச்சை வட்டத்தைப் பற்றிக் கேட்டுச் சனம் சிரித்தது. பக்கத்து வீட்டு மேரிறோஸ் தெரியும்தானே, கடற்றொழில் செய்கிற பஸ்ரியாம்பிள்ளையின் பெண்சாதி, கத்தோலிக்கச் சனம், வேறு கோயில். வேலிக்கு மேலால் என்னை நக்கலடிக்கிறாள். "என்ன உபதேசியார் பெஞ்சாதி, உங்கட கோயிலிலை இன்னும் ஆள் எண்ணி முடியேல்லையோ? எங்கட கோயிலிலை எண்ணத் துவங்கினால் பூசை முடிஞ்சிடும்." வாய் பெரிதென்றாலும் மனம் நல்லது.

சைவத்தில் பிறந்த எங்கள் கதிர்காமு திடப்படுத்தல் எடுக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பெண்சாதி எங்கள் ஆள் என்று இருபது வருசமாகக் கோயிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவர், அவள் செத்த பிறகும் வருகிறார். ஆனால் விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினால் பாதி வழியில் தேவாரத்துக்குப் போய்விடுகிறார். "ஆறுதலாய்ப் படியுங்கோ, அடுத்த முறை பாப்பம்" என்று சொல்லிவிட்டேன். இருபத்தைந்து இருக்கும்போது அரைகுறையாய் ஏன் ஒருவரைச் சேர்க்கவேண்டும்?

பதில் போடு.

உன் அக்கா
ஜசிந்தா


கொழும்பு
09.08.1998

அன்பின் அக்காவுக்கு, சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும்.

வேலை கூடிவிட்டது. அதனால்தான் எழுதவில்லை. பட்டினத்துக் குரு ஐயா கையில் இரண்டு மாதத்துக்குப் பிறஷர்க் குளிசை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். டொக்டரிடம் ஒருதரம் போய்க் காட்டுங்கள். தனியாகப் போகாமல் மேரிறோசையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பேராயர் போன கிழமை அங்கே வந்து திரும்பிவிட்டார். திடப்படுத்தல் நன்றாக நடந்ததாம்.

ஒரு விசயம். நேசனின் பெயரைப் பட்டியலில் இருந்து நீங்களாகவே எடுத்துவிட்டால் என்ன? மூன்று வருசமாக ஊரில் இல்லாதவன். கோயிலைப் பற்றியும் அதிகமாக யோசிக்காதீர்கள். பட்டினத்துக் கோயிலும் எங்கள் கோயில்தானே.

தம்பி
கிறிஸ்தோப்பர்


கரம்பொன்
14.09.1998

தம்பிக்கு, நான் சுகம். குளிசை கிடைத்தது. டொக்டரிடம் போகவில்லை. எனக்கு என்ன, கல்லுப் போல இருக்கிறேன்.

நேசனின் பெயரை எடுப்பதா? பங்குனியில் அவனுக்காக விதியில் வரி எழுதினவன் ஆவணியில் அவனையே வெட்டச் சொல்கிறாய். அவனை எடுத்தால் இருபத்துநாலு. அதை உனக்குச் சொல்லித் தரவேண்டுமா? உன் கடிதத்தை வாசித்து இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். பிறகு யோசிக்க யோசிக்க விசயம் பிடிபட்டது.

வன்னியில் இருக்கிற எங்கள் கிளைச் சபைகளின் பதிவேடுகளும் உனக்குத்தானே வருகிறது. ஞானஸ்நானம், கலியாணம், எல்லாம். அவன் அங்கே யாரையோ கலியாணம் முடித்துவிட்டான். அதைத்தானே மறைக்கிறாய்? குடும்பமாகி அங்கத்தைச் சபையில் சேர்ந்தவனை இங்கே எண்ணக்கூடாது, அதுதான் பெயரை எடுக்கச் சொல்கிறாய். எனக்குப் பிறஷர் ஏறிவிடும் என்று பயந்து குளிசையும் அனுப்பினாய்.

தம்பி, நான் கோபிக்கமாட்டேன். எந்தச் சாதி, எந்தச் சமயம் என்றும் கேட்கமாட்டேன். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த பிள்ளையாக இருந்தால் நான் அவளைக் கும்பிடுவேன். இருந்தால் இருக்கிறது என்று மட்டும் எழுது. தாய்க்கு மறைக்காதே.

அக்கா


கொழும்பு
25.10.1998

அன்பின் அக்காவுக்கு,

வன்னிப் பதிவேடுகளைப் பார்த்தேன். கலியாணப் பதிவேட்டில் நேசனின் பெயர் இல்லை.

உடம்பைக் கவனியுங்கள்.

தம்பி
கிறிஸ்தோப்பர்


கரம்பொன்
03.12.1998

கர்த்தருக்குள் மிகவும் அன்பான தம்பிக்கும் மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் நத்தார், புதுவருச வாழ்த்து. நான் வெகு சுகம்.

உன் இரண்டு வரிக்கு நூறு தோத்திரம். உன்னைச் சந்தேகித்ததற்கு மன்னித்துக்கொள். நீ எப்போதும் கோட்டுப் போட்டவர்களோடு இருந்து இருந்து சுருக்கமாக எழுதப் பழகிவிட்டாய்.

அவன் இன்னும் தனி என்று தெரிந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. மேரிறோசின் மூத்தவள் றொஷானியை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ கண்டபோது பாவாடை கட்டித் திரிந்தவள். இப்போது பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். இடம்பெயர்ந்து ஒரே பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லாரும் கிடந்த காலத்தில் நேசனும் அவளும் கதைத்துக்கொண்டு இருப்பார்கள். அப்போது நான் காணாத மாதிரி இருந்தேன். இப்போது நானே போய்க் கேட்டேன்.

பஸ்ரியாம்பிள்ளை வலையைக் கீழே வைத்துவிட்டு, "பெட்டை என்ன சொல்லுறாளோ அதுதான்" என்றார். மேரிறோஸ், "எங்கட பிள்ளையைத் தந்தால் உங்கட கணக்கு இருபத்தாறு ஆகுமோ?" என்றாள். "ஓம், ஆகும்" என்றேன். றொஷானி எழும்பி உள்ளே போய்விட்டாள். ஆனால் மண்கும்பானில் இருந்து வந்த ஒரு சம்பந்தத்தை அடுத்த கிழமையே வேண்டாம் என்றாள். நல்ல பொடியன், சொந்தத்தில் வள்ளம் வைத்திருக்கிறவன். அதுவே அவளுடைய பதில்.

ஆகவே உனக்கு ஒரு வேலை. அந்தப் பக்கம் போகிற ஐயாமாரிடம் நேசனுக்கு இதைச் சொல்லி அனுப்பு. பெண் காத்திருக்கிறது என்று சொல்லு.

சந்தோசத்துடன்
உன் அக்கா ஜசிந்தா


கொழும்பு
30.01.1999

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் நத்தார்க் கடிதம் கிடைத்தது. எல்லைக் குழு 27ஆந் திகதி கூடி முடிவெடுத்துவிட்டது. ஒவ்வொரு சபையின் பட்டியலையும் பதிவேடுகளோடு ஒத்துப்பார்த்து அத்தாட்சிப்படுத்தும்படி என்னைக் கேட்டார்கள். ஒத்துப்பார்த்துக் கையெழுத்து வைத்தேன். அது என் கடமை. அச்சடித்த தீர்மானம் தபாலில் வரும்.

அது வருவதற்கு முன் நான் ஒருதரம் அங்கே வரலாம் என்று நினைக்கிறேன். லீவு கிடைத்தால், கப்பலில் இடமும் கிடைத்தால்.

றொஷானியின் விசயத்தில் அவசரப்படாதீர்கள்.

தம்பி
கிறிஸ்தோப்பர்


கரம்பொன்
21.03.1999

கிறிஸ்தோப்பருக்கு,

நீர் வரவில்லை. தீர்மானம் வந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதை எல்லாருக்கும் வாசிக்கவேண்டும் என்று மேலே எழுதியிருந்தது. என் கண்ணாடியில் ஒரு பக்கம் வெடித்துவிட்டது, சின்ன எழுத்துத் தெரியாது. றொஷானியைக் கூப்பிட்டேன். வேற்றுக் கோயில் என்றாலும் மேரிறோசோடு எங்களிடம் வந்து, முன்வாங்கடியில் நின்று, நல்ல உச்சரிப்பாக வாசித்தாள். ஏழாம் பக்கம், கரம்பொன், பரி. மத்தியா சபை. சமர்ப்பித்த பெயர் இருபத்தைந்து. ஏற்றுக்கொண்டது இருபத்துநாலு. நீக்கியது ஒன்று.

அதில் அவள் நின்றுவிட்டாள். "வாசி பிள்ளை" என்றேன். நான் சிரித்துக்கொண்டு சொன்னேன், ஏனென்றால் ஏதோ எழுத்துப் பிழை, தம்பி திருத்திவிடுவான் என்று நினைத்தேன். "வாசி, ஆரெண்டு பாப்பம்." அவள் தலையை ஆட்டினாள். நான் அதட்டினேன். அவளுடைய தாயின் முன்னால், சபையின் முன்னால் அதட்டினேன். அவள் வாசித்தாள்.

"இலக்கம் பதினேழு. லியோன் அருள்நேசன். மலேரியாக் காய்ச்சலால் மரணம். அடக்கம் 09.11.1997, அக்கராயன்."

பதினாறு மாதம். அந்தப் பதினாறு மாதமும் சனிக்கிழமையில் நான் அவனுடைய பெயரைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். செத்த பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போனேன். கலியாணப் பதிவேட்டில் பெயர் இல்லை என்று எழுதினீரே. அதை எழுதும்போது அடக்கப் பதிவேடு உம்முடைய மேசையில் எந்தப் பக்கம் கிடந்தது?

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதும். எப்போது தெரியும்?

ஜசிந்தா


கொழும்பு
11.04.1999

அன்பின் அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கேட்டதற்குச் சொல்கிறேன். போன வருசம் பங்குனி கடைசியில் அக்கராயன் பதிவேடு வந்தது. பிரதி எடுத்தது நான்தான். மூன்றாவது வரியில் அவன் இருந்தான். அங்கத்தைய ஐயா, தாய்க்கு நேரில் அறிவிக்கும்படி எனக்குத் தனியாக ஒரு துண்டும் வைத்திருந்தார். கடைசி நாள் உங்களைக் கூப்பிட்டானாம்.

அன்றைக்கே எழுதத் தொடங்கினேன். கிழித்துப்போட்டேன். தனிய இருக்கிறீர்கள், பிறஷர்காரி, கடிதத்தை வாசித்துவிட்டு விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று பயந்தேன். நேரில் வந்து சொல்லுவோம் என்று இருந்தேன். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் என்று இருந்தேன். பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்களே என்று பயந்தேன். நான் கோழை அக்கா. வேறு ஒன்றும் இல்லை.

கதிர்காமுவை ஆவணியில் பேராயரிடம் அனுப்புங்கள் என்று எழுதலாமா என்றும் யோசித்தேன். எழுதினால் ஏன் என்று கேட்பீர்கள். அதனால் அதையும் எழுதவில்லை. வருசமுடிவில் பட்டியல் வந்தபோது, இறந்தவன் உயிரோடு இருக்கிறான் என்று என்னால் கையெழுத்து வைக்க ஏலாமல் போயிற்று. இன்னொரு எழுத்தர் பார்த்தால் பிடிபடும். எனக்குப் பென்சனுக்கு இன்னும் இரண்டு வருசச் சேவை இருக்கிறது. அந்த விதியை நானே எழுதினேன் என்பதுதான் பெரிய வேதனை.

கோயில் பூட்டின் திறப்பையும் பதிவேடுகளையும் சித்திரை 30க்குள் பட்டினத்துச் சபையில் ஒப்படைக்கவேண்டும். இந்த நேரத்தில் இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் எல்லாச் சபைக்கும் அதே திகதிதான். அக்கராயன் கிளையையும் மூடிவிட்டார்கள். அவன் பெயர் பதிந்திருக்கிற புத்தகம் இனி எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கும்.

என்னை மன்னிக்காவிட்டாலும் பதில் போடுங்கள்.

தம்பி
கிறிஸ்தோப்பர்


கரம்பொன்
02.05.1999

கிறிஸ்தோப்பருக்கு,

திறப்பையும் பதிவேடுகளையும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று இடத்தில் இறங்கி ஏறினேன். விழவில்லை. நான் விழுகிற ஆள் இல்லை என்பது உமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அம்மா செத்தபோது உமக்கு அதைச் சொன்னது யார்? எனக்குப் பத்தொன்பது வயது, உமக்குப் பன்னிரண்டு. கிணற்றடியில் வைத்துச் சொன்னேன், சொல்லிவிட்டு உம்மைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

போன வருசம் பங்குனியில் நீர் இரண்டு வரி எழுதியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுது முடித்து, முகத்தைக் கழுவி, கதிர்காமுவை இருத்தி நாலு மாதத்தில் பாடமாக்கிப் பேராயருக்கு முன்னால் நிறுத்தியிருப்பேன். பிள்ளை போயிருப்பான், கோயில் இருந்திருக்கும். போய் அழ எனக்கு ஒரு இடம் இருந்திருக்கும். றொஷானி மண்கும்பானுக்கு வாழப் போயிருப்பாள். அந்தப் பொடியன் தை மாதம் வேறிடத்தில் கலியாணம் முடித்துவிட்டான். இப்போது அவள் கலியாணம் முடிக்காமலே என் மகனுக்காகக் கறுப்பு உடுத்துகிறாள். வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. மேரிறோஸ் என்னோடு கதைப்பதில்லை. அவளில் பிழை இல்லை.

கோயில் பூட்டியிருந்ததால் கத்தோலிக்கக் கோயில் சுவாமி நேசனுக்குப் பூசை வைத்தார். எத்தனை பேர் வருவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. மற்றவர்களும் என்னோடு அங்கேதான் போகிறார்கள். பட்டினத்துக்குப் போகிறவர் இங்கே ஒருவரும் இல்லை. படத்தில் கரம்பொன்னைச் சேர்த்துக் கோடு இழுத்திருப்பீர். இழுத்தபடி இருக்கட்டும். அதற்குள் உங்களுக்கு ஆள் இல்லை.

இதற்குப் பதில் வேண்டாம். கீழே உள்ளதற்கு மட்டும் அலுவலக முறைப்படி பதில் தேவை.

பதிவேட்டு எழுதுவினைஞர் அவர்கட்கு,

அடக்கப் பதிவின் அத்தாட்சிப் பிரதி கோரல்

இறந்தவர்: லியோன் அருள்நேசன், வயது 26
அடக்கம்: 09.11.1997, அக்கராயன்
விண்ணப்பதாரர்: லியோன் ஜசிந்தா
இறந்தவருக்கு உறவுமுறை: தாய்
விண்ணப்பதாரரின் சபை: தங்கள் மறைமாவட்டத்தில் இல்லை
உரிய காலத்தில் விண்ணப்பிக்காததன் காரணம்: இறந்தவரின் தாய்மாமன் அறிவிக்கவில்லை.